செயலில் மாற்றமில்லை

எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்கிற மாற்றத்தால் மென்பொருள் நடந்துகொள்ளும் விதம் மாறாது என்றால், அந்த மாற்றத்துக்கான குறிப்பில் 'என்எஃப்சி' என்று மூன்றெழுத்தைச் சேர்ப்பார்கள். 'நோ ஃபங்ஷனல் சேஞ்ச்' என்பதன் சுருக்கம் அது. தமிழில் 'செயலில் மாற்றமில்லை' என்று சொல்லலாம். ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பலர் இந்த மூன்றெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதாவது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை, கவலைப்படாமல் கடந்து போங்கள் என்று அர்த்தம்.

கணினியின் பக்கம் நின்று பார்த்தால் இது முழுக்கச் சரி. ஆவணத்தைக் கணினி படிப்பதில்லை. படிப்பது மனிதர்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் செயலில் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பைலர் ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பி வருகிறேன். வேலை என்று சொல்ல முடியாது, காசு கிடையாது. இதைக் கேள்விப்பட்ட ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஊர்ல எவ்வளவு பிரச்சினை கெடக்கு, நீங்க வெள்ளைக்காரனுக்கு ஸ்பெல்லிங் போட்டுக்கிட்டு இருக்கீங்களே தோழர்?" நியாயமான கேள்விதான். அவருக்கு அன்று டீக்கடையில் சொல்லிய பதிலைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், கம்பைலர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள் அது. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ் உலகின் பெரும்பகுதி அதைக் கொண்டு உருவானது. அதன் கையேடு பல நூறு பக்கங்கள் ஓடும். கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அந்தக் கையேடுதான் வாத்தியார். இணைய இணைப்பு இருந்தால் போதும், எவர் தயவும் வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாத்தியார் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவார்.

இனி பிழைகளுக்கு வருவோம். எல்லாப் பிழையும் ஒரே எடை கொண்டவை அல்ல. வரியின் கடைசியில் ஒரு 'தி', அடுத்த வரியின் தொடக்கத்தில் இன்னொரு 'தி' என்று ஒரே சொல் இரண்டு முறை வருவது ஆவணங்களில் சர்வசாதாரணம். படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எழுதியவர் கண்ணும் தாண்டியதால்தான் அது அங்கே நிற்கிறது. இது பாதகமில்லாத பிழை.

இன்னொரு வகை இருக்கிறது. கம்பைலருக்குக் கட்டளை கொடுக்கும்போது 'டி' என்ற ஆப்ஷனைப் போட்டு ஒரு மேக்ரோவை வரையறுக்கலாம். 'ஃபார்ட்டிஃபை சோர்ஸ்' என்று ஒரு மேக்ரோ. இதை இயக்கினால், நினைவகத்தில் அளவு மீறி எழுதும் சில தவறுகளை நிரல் ஓடும்போதே பிடித்து நிறுத்தும் பாதுகாப்புச் சோதனைகள் சேரும். இந்தப் பெயரை ஒரு பக்கத்தில் யாரோ 'சோர்ஸ்' என்பதில் ஓர் எழுத்து விட்டு எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு என்ன ஆகும்? கம்பைலர் முணுமுணுக்காது. எந்தப் பெயரில் வேண்டுமானாலும் மேக்ரோவை வரையறுக்க உரிமை உண்டு என்பதால், அந்தத் தவறான பெயரையும் வரையறுத்து வைத்துக்கொள்ளும். நிரல் தயாராகும், ஓடும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. கதவுக்குப் பூட்டு போட்டதாக நினைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

ஜிசிசியில் எச்சரிக்கைகளை அணைக்கும் ஆப்ஷன்களும் இப்படித்தான். எச்சரிக்கை ஒன்றை இயக்கச் சொல்லும்போது பெயரைத் தவறாகக் கொடுத்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லிவிடும். அணைக்கச் சொல்லும்போது தவறாகக் கொடுத்தால் பேசாமல் இருந்துவிடும். வேறு ஏதாவது செய்தி சொல்ல வேண்டி வந்தால்தான் அதோடு சேர்த்து இதையும் சொல்லும். புதிய கம்பைலருக்காக எழுதிய கட்டளை பழைய கம்பைலரில் முட்டி நிற்கக் கூடாது என்பதற்காக யோசித்தே செய்த ஏற்பாடு அது. சி மொழியில் 'டிஃபால்ட்' என்ற சொல்லின் நடுவில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிப் போனால், அதை ஒரு முகவரிப் பெயர் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். இலக்கணப்படி அது பிழையே இல்லை. எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால்தான் தெரியவரும்.

ஆப்ஷன் பெயரைத் தவறாக அடித்தால் 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா?' என்று கேட்கும் வசதி ஜிசிசியில் 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, மிக அருகில் இருக்கும் சொல்லை அது காட்டும். சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டெய்ன் 1960களில் வகுத்த கணக்கு அது. பயன்படுத்துகிறவர் செய்யும் பிழையைத் திருத்த இவ்வளவு நல்ல கருவி இருக்கிறது. ஆவணம் செய்யும் பிழையைத் திருத்த மனிதர்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. என்னை இந்த வேலையில் பிடித்து நிறுத்தியது வேறொன்று.

எங்கள் பகுதியில் மாலை நேரப் பாடசாலை ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெண் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தாள். வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள். ஒரு கம்பைலர் ஆவணத்தின் சில பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு, புரியாத ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி எதிரே பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கைந்து சொற்களுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. "அக்கா, இதுக்கெல்லாம் டிக்ஷனரியில அர்த்தமே இல்லக்கா" என்றாள். இருக்காதுதான். அத்தனையும் எழுத்துப்பிழைகள். நடக்கிறது என்று பொருள்படும் சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. தனித்தனி என்ற பொருள் தரும் சொல்லில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவள் அவற்றைப் புதுச் சொற்கள் என்று நினைத்துப் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தாள்.

"இது அவங்க தப்பும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. "அவங்க தப்பா எழுதுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைப் பல நாட்கள் சுமந்து திரிந்தேன். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் கண்ணுக்கு அந்தப் பிழை தெரிந்தே இருக்காது. தெரிந்தாலும் 'யாரோ அவசரத்தில் அடித்திருக்கிறார்' என்று தாண்டிப் போயிருப்பார். எழுதியவர் பிழை செய்திருக்கக்கூடும் என்ற எண்ணமே ஒரு வசதி, ஒரு சொத்து. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் 'உனக்குப் புரியாது', 'உங்க வீட்டுக்கெல்லாம் இது ஏறாது' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, அச்சில் இருப்பதும் தன் அறிவும் முட்டிக்கொண்டால் எதைச் சந்தேகிக்கும்? தன்னைத்தான். பிழை புத்தகத்தில் இருக்க, பழி பிள்ளையின் தலையில் விழுகிறது. ஆவணத்தின் ஒவ்வொரு எழுத்துப்பிழையும் இப்படி ஆளுக்கேற்றபடி வேறு வேறு விலை வாங்குகிறது. பழகியவரிடம் அரை நொடி, முதல் தலைமுறையாகப் படிக்கிறவரிடம் அரை நாளும் கொஞ்சம் தன்னம்பிக்கையும்.

அவளிடம் ஒன்று சொன்னேன். இந்தக் கையேடுகளை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர்களோ அமெரிக்கர்களோ இல்லை. ஜெர்மானியர், செக் நாட்டவர், ரஷ்யர் என்று ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்றவர்கள் நிறையப் பேர். உன்னைப் போலவே அவர்களும் அகராதியைப் புரட்டியவர்கள்தான். இதைக் கேட்ட பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த வாரமே இருவருமாக உட்கார்ந்து அந்தப் பக்கங்களில் இருந்த பிழைகளைத் திருத்தி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, முகம் தெரியாத ஒருவர் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார். மாற்றத்தைச் செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. 'கிட்' என்ற அந்தப் பதிவேட்டு மென்பொருள் கேட்பது ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் மட்டுமே. குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் கிடையாது. அப்பா பெயர், ஊர்ப் பெயர் எதுவும் கேட்காத பதிவேடுகள் நம் வாழ்க்கையில் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு விதிகள் உண்டு. செய்ய நினைப்பவர்களுக்காக அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பிழையை அதன் வேரில் திருத்த வேண்டும். ஜிசிசியின் கையேடு 'டெக்ஸ்இன்ஃபோ' என்ற வடிவில் எழுதப்படுகிறது. அதிலிருந்துதான் இணையப் பக்கமும் அச்சு வடிவமும் தானாகத் தயாராகின்றன. தயாரான பக்கத்தில் கை வைத்தால் அடுத்த முறை பழைய பிழை மீண்டும் வந்து நிற்கும். சில கோப்புகள் வேறு திட்டங்களிலிருந்து இரவல் வாங்கியவை. அவற்றை இங்கே திருத்தக் கூடாது, பிறந்த வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கம்பைலர் காட்டும் பிழைச்செய்திகளில் உள்ள எழுத்துப்பிழை இன்னும் சிக்கலானது. அந்தச் செய்தி எழுத்துக்கு எழுத்து அப்படியே வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் இருக்கும். செய்தியைத் திருத்தினால் சோதனையையும் திருத்த வேண்டும். அந்தச் செய்திகள் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் மொழிபெயர்ப்புகள் எல்லாம் மறுபடியும் சரிபார்க்க வேண்டியவையாகிவிடும். ஜெர்மன், ஜப்பான், வியட்நாம், ஜார்ஜிய மொழிகளில் எல்லாம் ஜிசிசி பேசுகிறது. அந்த வரிசையில் தமிழ் இல்லை. செம்மொழி மாநாடு நடத்திய நமக்கு இது உறுத்த வேண்டும்.

அடுத்து, நம் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தைக் கொண்டு போய் அங்கே திணிக்கக் கூடாது. பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன எழுத்துமுறையை நாம் படித்தோம். 'பிஹேவியர்' என்ற சொல்லில் நாம் 'யு' போடுவோம், அமெரிக்கர் போட மாட்டார்கள். ஜிசிசி ஆவணம் அமெரிக்க எழுத்துமுறையில் போகிறது. இரண்டில் எதுவும் பிழை இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு வழக்கம் இருக்கும்போது அதைப் பிழை என்று சொல்லித் திருத்த வருவது நமக்குப் பழக்கமான ஒரு திமிர். எதிர்ப்பக்கம் நின்று அதை நாம் நிறைய அனுபவித்திருக்கிறோம்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். ஜிசிசியில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை பெற்றவர்கள், வெளிப்படையாகவே சரி என்று தெரியும் திருத்தங்களை எவரிடமும் முன் அனுமதி கேட்காமல் சேர்த்துவிடலாம். சேர்த்த பிறகு எல்லாருக்கும் தெரிவித்தால் போதும். 'வெளிப்படையானது' என்றால் என்ன என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் வேலையை மிகக் கடுமையாக எதிர்ப்பவர் யாரோ, அவராலேயே இந்தத் திருத்தத்தில் குறை கண்டுபிடிக்க முடியாது என்றால் அது வெளிப்படையானது. நண்பன் பாராட்டுவானா என்பதல்ல கேள்வி. எதிரியால் மறுக்க முடியுமா என்பதுதான். மேடையில் பேசுகிற, அறிக்கை எழுதுகிற நம் தோழர்கள் அனைவரும் இந்த அளவுகோலைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மறுபக்கத்தையும் பேசாமல் விட முடியாது. எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு மென்பொருள் உலகில் கெட்ட பெயரும் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் நான்கு மாற்றங்களை அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு என்று 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற நிகழ்வை டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தி வந்தது. 2020இல் அது எல்லை மீறியது. அறிமுகப் பக்கத்தில் 'அருமையான திட்டம்' என்று இரண்டு சொல் சேர்ப்பது, சரியாக இருந்த சொல்லைத் தவறாக்குவது என்று குப்பை குவிந்தது. அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்களும் நிறைய. சம்பளமில்லாமல் திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், வேலையிலிருந்து வந்து களைப்போடு உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாக நிராகரிக்க வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே விதிகளை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நாம் அனுப்பும் ஒரு எழுத்தைக்கூட இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். அது அவருடைய உழைப்பு. உழைப்பைத் திருடுவதை எதிர்க்கிறவர்கள் இதிலும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே கோப்பில் உள்ள பிழைகளைச் சேர்த்து ஒரே திருத்தமாக அனுப்புங்கள். அது பிழைதானா என்று இரண்டு முறை பாருங்கள்.

சில பிழைகளைத் திருத்தவே முடியாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது எங்கிருந்து வருகிறீர்கள் என்று உலாவி சொல்லும் தகவலுக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதற்கான 1996ஆம் ஆண்டு இணைய ஆவணத்தில் அந்தச் சொல் ஓர் எழுத்து குறைவாகவே பதிவாகிவிட்டது. உலகமே அதை நம்பி மென்பொருள் எழுதிவிட்டதால் இன்றுவரை அந்தப் பிழைதான் விதி. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' கட்டளைக்குக் கடைசி எழுத்து இல்லை. யூனிக்ஸை மறுபடியும் எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீண்ட காலம் நின்றுவிட்டது, ஏராளமானோர் அதன்மேல் சாய்ந்து நிற்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சரியாகிவிட்ட பிழைகள் இவை. மென்பொருளுக்கு வெளியேயும் இப்படிப்பட்டவற்றை நாம் அறிவோம்.

இன்னும் சில, எழுத்துப்படி சரியாகவும் பொருள்படி தவறாகவும் இருப்பவை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 2020க்குப் பிறகு பல திட்டங்கள் தங்கள் சொற்களைத் திரும்பிப் பார்த்தன. கிட்ஹப்பில் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' ஆனது. எல்எல்விஎம் ஆப்ஷன்களில் 'வைட்லிஸ்ட்' போய் 'அலவ்லிஸ்ட்' வந்தது. பெயரை மாற்றினால் இனவெறி ஒழிந்துவிடுமா என்று பலர் கேலி செய்தார்கள். ஒழியாது. ஆனால் ஒரு சொல்லைப் படிக்கும்போது ஒருவருக்கு வலிக்கிறது, இன்னொருவருக்கு வலிக்கவில்லை என்றால், வலிக்காதவர் வசதிக்காக அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

பிழைதிருத்தும் கருவிகளில் நம் பெயர்களை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கீழே சிவப்புக் கோடு விழும். 'பரியா' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். கோடு விழாது. தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயரை எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அகராதியில் சேர்த்துவிட்டார்கள். கருவியின் கணக்கில் அந்த இழிவு சரியான எழுத்துக்கூட்டல், நம் பிள்ளையின் பெயர் பிழை. எந்தக் கருவியும் தன்னிடம் கொடுத்த பட்டியலைத்தான் பார்க்கும். பட்டியலை எழுதுவது மனிதர்கள். எழுதுகிற இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். நோட்டு இன்னும் இருக்கிறதாம். பொருள் தெரியாத சொல் வந்தால் முன்பு ஒரு கேள்விதான் கேட்பாளாம், இப்போது இரண்டு கேட்கிறாளாம்: இதற்கு என்ன பொருள், இது சரியா. அந்த இரண்டாவது கேள்வியை எந்தப் பாலிடெக்னிக்கும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

கணினி படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரம் அவர்கள் படிக்கும் ஆவணத்தின் இரண்டு பக்கங்களை எடுத்து, பிழை தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் அனுப்பச் சொல்லுங்கள். எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்து செய்வோம்.